குண்டூசி விழுந்தால் தெரியும் தரை

என் மதிப்பிற்குரிய மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீயும் உன் தங்கச்சியும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த புது முட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே 'மனைவிக்கு' என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போய்விட்டது. இத்தனை வருஷமாக உன்னை 'இந்தா பாரு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கடிதத்தையும் அப்படியே ஆரம்பிக்கலாமா என்று எங்கள் முதியோர் எழுத்து வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். கடிதம் என்றால் ஒரு மரியாதை வேண்டும் என்றார். அதனால் மரியாதை வைத்துவிட்டேன். இந்தா பாரு, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். நான் பென்சில் பெட்டியோடு வகுப்புக்குக் கிளம்பின முதல் நாள், எந்த ஆபீசில் எனக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நீ கேட்டாய். நாற்காலி எங்கேயும் போடவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மகள், நான் வாயால் சொன்னால் தான் டைப் அடித்துக் கொடுப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் உன்னோடு போனில் பேசும்போது கார் ஷெட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லி வைத்தேன். அங்கே என்ன அவ்வளவு சத்தம் என்று நீ கேட்டபோது பக்கத்து வீட்டில் ஏதோ வேலை என்றாளே, அது பொய். சத்தம் நம் வீட்டில்தான். பெற்ற பிள்ளையைப் பொய் சொல்ல வைத்த பாவம் என்னையே சேரட்டும். ஆனால் இதைப் போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். இது எழுத வேண்டிய சங்கதி.

நீ கிளம்பின அன்று பெட்டியோடு வாசலில் நின்று சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை. நம் பழைய காரை விற்றபிறகு அந்த ஷெட்டில் உன் தையல் மிஷினைப் போட்டுக்கொள் என்று நான்தான் சொன்னேன். ஷெட்டைக் கொடுத்தேனே தவிர, அதன் தரையை நான் யோசிக்கவில்லை. அது வெறும் சிமெண்ட் தரை, பெருக்கப் பெருக்க மாவாக உதிரும். போதாததற்குக் கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நீ தைத்த வெள்ளைக் கோட்டுகளில் ஒன்று கை தவறிக் கீழே விழுந்து, கறை ஒட்டி, எவ்வளவு துவைத்தும் போகாமல், அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நீ மிஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நீ திட்டாமல் இருந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதற்கப்புறம் ஊருக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாய்.

"நான் திரும்பி வர்றப்பவும் இந்தத் தரை இப்படியே இருந்தா, மிஷினை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவேன். இல்லைன்னா அதை பெட்ரூம்ல போட்டுட்டு உங்களைக் கொண்டுபோய் ஷெட்ல படுக்க வைப்பேன்."

இரண்டாவதாகச் சொன்னது கோபம் என்று எனக்குத் தெரியும். முதலில் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. நீ மிஷினை மிதிக்கிற சத்தம் இல்லாமல் நம் வீட்டில் சாயங்காலம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவருக்குப் பேசவே தெரியாது என்று நீ சொல்வாய். அன்றைக்கு அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஒரு தரை, அதில் ஒரு பல்பு. பல்பு தரையில் கிடக்கிறதே, உடைந்துவிடாதா என்று கேட்டேன். அது கூரையில் எரிகிற பல்பின் பிம்பம் மாமா, தரையில் தெரிகிறது என்றார். எப்பாக்ஸி என்று பெயர். பெயிண்ட் மாதிரி இருக்கும், ஆனால் பெயிண்ட் இல்லை. இரண்டு டப்பா. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும், எண்ணெய் சிந்தினாலும் துடைத்தால் போய்விடும் என்றார். மனுஷன் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அன்றைக்கு ஆச்சரியப்பட ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை.

முதலில் உன் மிஷினைப் போர்வையோடு தூக்கி ஹாலில் வைத்துவிட்டு, ஷெட்டைக் காலி பண்ணினோம். உடைந்த கட்டில், உடையாத கட்டிலின் ஒரு கால், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி என்று எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து வைத்தோம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் வீடு மாறுகிறீர்களா என்று கேட்டார்கள். ஒருவன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய ஃபேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். கூப்பிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான். அந்த ஃபேன் ஓடாது, அது அவனுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அப்புறம் அலமாரியை நகர்த்தினோமா, அதன் பின்னால் என்ன இருந்தது தெரியுமா, உன் பெரிய கத்தரிக்கோல். உன் தங்கச்சி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதேதான். இதைப் படிக்கும்போது அவள் பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தைச் சத்தமாகப் படிக்காதே. ஆனால் ஒன்று, முட்டி இன்னும் ஆறாததால் அவளால் எழுந்து வந்து சண்டை போட முடியாது. மன்னிப்புக் கேட்க உனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மேலதிகாரி வந்துவிட்டார். அவர் எந்த ஆபீசிலும் அதிகாரியாக இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். தெருவில் யார் குழி தோண்டினாலும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்ப்பதால் நாம் வைத்த பெயர். அவருக்கு நாற்காலி தேடும் சிரமமும் இல்லை, வாசலில் கிடந்த நம் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கறை போக ஒரு பவுடரைப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தோம். அது இடம் மாறியதே தவிரப் போகவில்லை. மேலதிகாரி, இன்னும் அழுத்தித் தேய்க்கணும் அண்ணே என்று உட்கார்ந்தபடியே சொன்னார். அழுத்தித் தேய்த்தோம். போனது, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டியதாகப் போய்விட்டது.

அப்புறம் தரையைச் சுரண்டுகிற மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்தோம். நீ போனில் கேட்ட சத்தம் அதுதான். வழவழப்பான தரையில் எப்பாக்ஸி பிடிக்காதாம், கொஞ்சம் சொரசொரப்பு வேண்டுமாம். மாப்பிள்ளைதான் ஓட்டினார் என்று எழுத ஆசைதான். ஆனால் மெஷின்தான் அவரை ஓட்டியது. அது சுவர் பக்கம் போனால் இவரும் போகிறார், வாசலுக்கு வந்தால் இவரும் வருகிறார். நான் பின்னாலேயே தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூக்கையும் வாயையும் மூடி, தலை முதல் கால் வரை இரண்டு பேரும் வெள்ளை. மகள் டீ கொண்டுவந்து அவள் புருஷனிடம் நீட்டி, "அப்பா, அவர் எங்கே?" என்று கேட்டாள். மாப்பிள்ளை முகமூடிக்குள் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

எல்லாம் பெருக்கித் துடைத்தபின் எப்பாக்ஸி விற்ற கடைக்காரர் சொல்லி அனுப்பினபடி தரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் தரை தயாராகவில்லை, உள்ளே இறங்கினால் தயார். தெளித்தேன். தரை அப்படியே குடித்தது. கார் நின்ற இடத்தில் மட்டும் முத்தாக நின்றது. அங்கே மறுபடி தேய்த்து, மறுபடி தெளித்தேன், அங்கேயும் குடித்தது. இத்தனை வருஷம் அதன்மேல் நடந்திருக்கிறோம், அதற்கு இவ்வளவு தாகம் இருந்தது எனக்குத் தெரியாதே என்று கொஞ்ச நேரம் குந்தியே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் மகள் வந்து, போதும்ப்பா, அதுக்கு ஜலதோஷம் பிடிச்சுடும் என்று சொல்லி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். விரிசலையெல்லாம் அடைத்து, சுவரோரம் டேப் ஒட்டி, ஈரம் நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம்.

நடுவில் ஒரு தகராறு. எப்பாக்ஸியோடு ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகச் சின்னச் சின்னச் செதில்கள். ஈரத்தில் தூவினால் தரை பளிங்குக்கல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்குமாம். மாப்பிள்ளைக்கு அதில் உயிர். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன் மாமா, அழகா இருக்குமே என்றார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தைக்கிறவளுக்குக் குண்டூசி விழாத நாள் உண்டா, புள்ளிக்குள்ளே ஊசி விழுந்தால் எந்தக் கண்ணாடியைப் போட்டுத் தேடுவாள், வெறும் காலோடு மிஷின் மிதிக்கிறவள் ஆச்சே என்றேன். மனுஷர் பொட்டலத்தைக் கொண்டுபோய் வாசல் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தார். ஆனால் முகம் மட்டும் வாடிப்போயிருந்தது.

இனிமேல் எழுதப்போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. டப்பாப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பல பாஷையில் மடிப்பு மடிப்பாக அச்சடித்திருந்தார்கள். ஒரு மடிப்பில் நம் எழுத்து. நான் வேலை பார்த்த காலமெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கினவன், எந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்ததில்லை. இந்தப் பெட்டி என்னிடம் பேசியது. இதை அப்பாதான் படிக்கவேண்டும், யாரும் நடுவில் பேசக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மேலதிகாரியின் வாயைக்கூட ஒரு பார்வையில் மூடிவிட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். படிக்கிற நேரத்தில் வேலையும் நடக்கட்டும் என்று மாப்பிள்ளை இரண்டு டப்பாவையும் ஒன்றாக ஊற்றி, டிரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்கிவிட்டு, அடுத்து என்ன என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் தலைப்பிலிருந்து ஆரம்பித்தேன். வாழ்த்துகள் என்று போட்டிருந்தது, அதைப் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்றது, அதைப் படித்தேன். கையுறை, காற்றோட்டம், எதையும் விடவில்லை. பெரிய வார்த்தை வந்தால் முதலில் மனசுக்குள் கூட்டிப் பார்த்து, அப்புறம் வாய்விட்டுச் சொன்னேன். எல்லாரும் அசையாமல் கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் பேசி இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. தாளின் கீழ்ப்பக்கம் வந்தேன். 'கலந்த... உடனே... முழுவதையும்... தரையில்... ஊற்றிவிடவும். டப்பாவிலேயே... வைத்திருந்தால்... சூடேறி...'

"மாமா, புகை வருது."

"அதைத்தான் மாப்பிள்ளை படிச்சிட்டிருக்கேன்."

அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். தாளில் எழுதியிருந்தது அப்படியே டப்பாவில் நடந்துகொண்டிருந்தது. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை, டப்பா தானாகக் கொதிக்கிறது. மாப்பிள்ளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊற்றலாம் என்று கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. கலக்கின துடுப்பு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நின்றுவிட்டது. மேலதிகாரி அதைத் தட்டிப் பார்த்து, நல்ல கெட்டியாத்தான் வந்திருக்கு அண்ணே என்றார்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனால் உன் தரை போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். மகளைப் படிக்கச் சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் படித்திருப்பாள், இந்நேரம் ஷெட் பளபளத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வந்து எதிரே உட்கார்ந்தார். மேஜையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"போனா போகுது மாமா. நீங்க படிச்சதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லை."

இனிமேல் அவருக்குப் பேசத் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், நீ சொன்னாலும்.

கல்லாகிப்போன டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய கல்லைக் கொண்டுவந்து காட்டினார். அதில் இரண்டு துடுப்பு நின்றது. நம்முடையதை இப்போது ஷெட் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். புயல் அடித்தாலும் அசையாது.

இரண்டாவது பெட்டி வந்ததும், டப்பாவைத் திறக்காமலே எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் தாளை முழுக்கப் படித்தேன், வாழ்த்துகள் உட்பட. அப்புறம் எழுந்துபோய்க் கலக்கினோம், கலக்கின கையோடு தரையில் ஊற்றினோம். உள்சுவரிலிருந்து வாசல் பக்கமாக வரவேண்டும். எனக்கு அடியில் ஆணி வைத்த செருப்பு ஒன்று மாட்டிவிட்டார்கள். ஈரத்தின்மேலேயே நடக்கலாமாம், ஆணி பதிந்த இடம் தானாக மூடிக்கொள்ளுமாம். கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நீளக் கம்பில் மாட்டின ரோலரை உருட்டினேன். மாப்பிள்ளை ரப்பர் பட்டையால் தள்ள, நான் பின்னாலேயே உருட்ட, பாகு மாதிரி ஓடுகிறது. நான் உருட்டின கோடு கண்ணெதிரே மறைந்தது. என் காலடியும் மறைந்தது. யாரும் சொல்லாமலே ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அதுவாகவே சமமாகப் படுத்துக்கொண்டது. நான் ரோலரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மாமா, நகருங்க, சீக்கிரம் காஞ்சுடும்னு நீங்கதானே படிச்சீங்க என்று மாப்பிள்ளை சத்தம் போட்டபிறகுதான் நகர்ந்தேன்.

வாசலுக்கு வந்து, கடைசி ஓரத்தையும் உருட்டி, வெளியே கால் வைத்து நிமிர்ந்தால், சுவர்மேல் இருந்த பொட்டலம் மேலதிகாரி கையில் இருக்கிறது. இதை மறந்துட்டீங்களே அண்ணே என்று சொல்லிக்கொண்டே, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி ஒரு கை நிறைய எடுத்து வீசிவிட்டார். இரண்டாவது கையை மகள் பிடித்துவிட்டாள். வாசலோரம் ஒரு முறம் அகலத்துக்குப் புள்ளி விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மாப்பிள்ளை அந்த இடத்தைப் பார்த்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, அழகாத்தானே மாமா இருக்கு என்றார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு என்ன சொல்வது? உன் மிஷின் அந்தக் கோடியில். அவருடைய புள்ளி இந்தக் கோடியில். ஊசி அவ்வளவு தூரம் உருண்டு வராது.

காய்கிறவரை யாரும் உள்ளே போகக்கூடாது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேலதிகாரியும் தன் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். அவர் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் தரையையே பார்த்தோம். வானத்தில் மேகம் போனால் வாசலோரத் தரையிலும் மேகம் போயிற்று. மகள் வாசலில் நின்றபடியே ஸ்விட்சைத் தட்டி உள்ளே பல்பைப் போட்டாள். இந்தா பாரு, மாப்பிள்ளை படத்தில் காட்டினாரே, அதே மாதிரி நம் ஷெட்டில் ஒரு பல்பு மேலே எரிகிறது, ஒரு பல்பு கீழே எரிகிறது. தரை என்றால் மிதிப்பதற்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மேலதிகாரி மெதுவாக என்னிடம், நம்ம வீட்டுக்கும் போடலாமா அண்ணே என்று கேட்டார். போடலாம், ஆனால் நான் மேற்பார்வை மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

காய்ந்ததும் முதல் காரியமாக என் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கார் நின்ற இடத்தில், எண்ணெய்க் கறை இருந்த அதே இடத்தில், மண்டி போட்டு அழுத்தித் துடைத்தேன். அந்தக் கைக்குட்டையைத் துவைக்காமல் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். நீலமாக ஏதாவது தெரிந்தால் அது என் விரலில் இருந்த பேனா மை. தரைமேல் பழி போடாதே. பாரமான சாமானை வைக்க ஒரு வாரம் ஆகவேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. நீ வருவதற்கும் அதற்கும் சரியாக இருக்கும். சீக்கிரம் கிளம்பி வா. உன் மிஷினுக்கு இடம் தயார்.

உன் தங்கச்சி வீட்டில் என்னைவிட வயதில் மூத்தவர் யாரும் இல்லாததால் வணக்கம் முழுவதையும் உனக்கே அனுப்புகிறேன். ஆசீர்வாதத்தை நீயே எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடு. முட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடு.

இப்படிக்கு,
உன் கணவன்
(இந்தா பாரு என்று கூப்பிடுகிறவன்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு இன்னொரு தடவை ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தா பாரு, அங்கே மிஷினை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்கு நாலு இரும்புக் கால். அதன்மேல் நீ வேறு மிதிப்பாய். நீ வாசலில் இரண்டாவதாகச் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் படுகிறது. பெட்ரூமில் ஜன்னல் பெரியது, ஊசி கோக்க வெளிச்சம் நன்றாக வரும். மிஷினை அங்கேயே போட்டுக்கொள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுகிறேன், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போவேன். மாப்பிள்ளையிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், அவர் மிஷின் காலுக்கு ரப்பர் வாங்கி வைத்திருக்கிறார். எது எங்கே இருந்தாலும் சரி, வந்ததும் முதலில் மிஷின் மேல் நீ போட்டுவிட்டுப் போன அந்தப் போர்வையை எடு. நானே எடுக்கலாம் என்று போனேன். கை வைத்துவிட்டு, இதை நீதான் எடுக்கவேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.